ஆயா என்று யாரோ கூப்பிடுகிறார்கள்

எங்கள் பக்கத்தில் 'ஆயா' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நகரத்தார் வீடுகளில் அம்மாவைப் பெற்றவள் ஆயா, அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகள் 'ஆயா வீட்டுக்கு'ப் போகும். ஆஸ்பத்திரியில் ஆயா என்றால் நான். பெட்பேன் வைக்க, எடுக்க, துடைக்க, தூக்க, தள்ள. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது சட்டையில் 'ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்' என்று பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். பேட்ஜை யார் படிக்கிறார்கள்? காரிடாரில் நடந்தால் இன்றும் "ஆயா, இங்க வா" தான்.

இந்த இரண்டு அர்த்தமும் ஒரு ராத்திரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஆச்சி. முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை நடந்தால் கால் வலிக்கிற வீடு, அதில் அவரும் துணைக்கு ஒரு அம்மாவும் மட்டும். இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் புதிது இல்லை. அந்தக் காலத்தில் பர்மா, மலேயா என்று கொண்டுவிற்கப் போனார்கள், இப்போது சிங்கப்பூர், அமெரிக்கா என்று போகிறார்கள். ஊரில் வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு ஆச்சி இருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்கினால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். பக்கத்தில் இருக்கப் பெற்ற பிள்ளை இருக்காது, நாங்கள் இருப்போம்.

இந்த ஆச்சி பதினோரு நாள் இருந்தார். இருதயம் பலவீனம், நுரையீரலில் நீர். தினமும் நான் உள்ளே போனதும் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு கேட்பார்: "ஏத்தா, சாப்ட்டியா?" அவருக்கே ட்யூபில்தான் கஞ்சி போகிறது. அந்தப் பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் என்னை அப்படிக் கேட்டது அவர் ஒருவர்தான். நான் பெரும்பாலும் "ஆச்சு ஆச்சி" என்று பொய் சொல்வேன்.

பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று மகள் போனிலேயே சொல்லிவிட்டார். விமான டிக்கெட் போட்டாகிவிட்டது, ஆனால் வந்து சேர நேரம் பத்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். துணைக்கு இருந்த அம்மா அழுது அழுது வெளியே பெஞ்சில் படுத்துவிட்டார். வாட்ஸப்பில் வீடியோ கால் வந்தது. அவர்களுக்கு அது சாயங்காலம், திரைக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் தெரிகிறது.

"அக்கா, அம்மா மூஞ்சிக்கு நேரா கொஞ்சம் பிடிங்களேன்."

பிடித்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையால் நழுவுகிற மாஸ்க். கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது, கட்டில் கம்பியில் முழங்கையை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். திரையில் மகள் நகர்ந்து ஒரு பையனை முன்னால் நிறுத்தினார். ஆறு வயசு இருக்கும். அவன் கத்தினான்: "ஆயா! ஆயா!"

"சொல்லுப்பா" என்றேன்.

பழக்கம். எந்தப் பக்கம் இருந்து அந்தக் குரல் வந்தாலும் என் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். அந்தப் பையன் ஒரு நொடி என்னைப் பார்த்தான், அப்புறம் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "நீங்க இல்ல. என் ஆயா."

போனைச் சரியாகத் திருப்பிப் பிடித்தேன். ஆச்சியின் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. சிஸ்டர் வந்தார், டாக்டர் வந்தார், ஈ.சி.ஜி. நேர்கோடாக வந்தது. போனில் அந்தப் பக்கம் படம் உறைந்து நின்றுவிட்டது, மகள் வாயைப் பொத்தியபடியே. கட் பண்ணலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் "வச்சிரட்டுமாம்மா?" என்று கேட்டேன். மளிகைக் கடைக்காரரிடம் பேசி முடித்த மாதிரி. அந்த ஒரு வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

அதற்கப்புறம் நடப்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, எனவே சொல்கிறேன். டாக்டர் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சிஸ்டருக்கு கேஸ் ஷீட் எழுதுகிற வேலை. உடம்பு எங்களுக்கு. ஊசிக் குழாயைக் கழற்ற வேண்டும், அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி பிளாஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்துகொண்டே இருக்கும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். கண்ணை மூடி விரலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். வாய் திறந்துகொள்ளாதபடி நாடிக்கட்டு. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. நகை இருந்தால் சிஸ்டர் முன்னிலையில் எடுத்து, நோட்டில் எழுதி, நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஆச்சிக்கு ஒரு மூக்குத்தியும் இரண்டு வளையலும். வளையல் கழலவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்க ஆச்சி" என்று வாய் சொன்னது.

ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், டிரிப் குழாய் சிவப்புப் பையில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி மருந்துக் குப்பி நீலத்தில். 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதி அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்புறம் மெத்தையைத் திருப்பி ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்து, புது விரிப்பு. நாலு மணிக்கு அதே கட்டிலுக்கு டெங்கு காய்ச்சலில் ஒரு பையன் வந்துவிட்டான். அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், "இந்த ஃபேன் ஓடுமா?" நான் சிரித்துக்கொண்டு, "ஜோரா ஓடும்மா" என்றேன்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு பெயர் இருக்கிறதாம். என் மகள் சமூகப்பணி படிக்கிறாள், அவள் சொன்னாள். ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியல் அம்மா 1983-ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது இதை 'உணர்ச்சி உழைப்பு' என்றாராம். மனசுக்குள் இருப்பதை அடக்கி, வேலைக்கு வேண்டிய முகத்தை வரவழைப்பதும் உழைப்புதான் என்று. எனக்கு அதைக் கேட்டதும் முதலில் தோன்றியது, விமானப் பெண்ணுக்கு அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்பது. எங்கள் வேலைப் பட்டியலில் 'துடைத்தல், தூக்குதல், தள்ளுதல்' என்று இருக்கிறது. சிரித்தல் இல்லை.

அன்று காலை வீட்டுக்குப் போய், டம்ளரைக் கழுவாமல் வைத்ததற்காக மகனை அடித்துவிட்டேன். பத்தாம் வகுப்பு படிக்கிற பையனை.

இப்படி வெடிக்கிறவள் நான் மட்டும் இல்லை. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வழி. வார்டில் ஒரு அக்கா புகையிலையை அடக்கிக்கொண்டுதான் கக்கூஸ் கழுவப் போவார், வாடைக்காக என்பார், அது வாடைக்காக மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்பு வேறு ஓர் இடத்தில் பிணவறையில் வேலை பார்த்த ஒரு அண்ணன் எங்களோடு இருந்தார். "குடிக்காம அந்த ரூமுக்குள்ள காலை வச்சுப் பாருத்தா, அப்புறம் பேசு" என்பார். அவரை நான் ஒரு காலத்தில் கேவலமாக நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் குடி அவரைத்தான் முதலில் தின்றது, அவர் வீட்டை அடுத்ததாகத் தின்றது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நாள் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, 'உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்'. நேரம், நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணி. பேச வந்த பெண் சின்னப் பிள்ளை, நல்ல பிள்ளை. கண்ணை மூடி மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார். மூன்றாவது மூச்சில் பின்வரிசை முழுக்கத் தூங்கிவிட்டது. ஒரு வகையில் அன்றைய பயிற்சியின் ஒரே பலன் அதுதான். அப்புறம் எழுப்பி, "உங்களுக்காக நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வியே எங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் நிஜம். ரொம்ப நேரம் கழித்து லாண்டரி அக்கா சொன்னார், "திங்கக்கெழம சந்தைக்குப் போவேன். ஒண்ணும் வாங்கமாட்டேன். சும்மா சுத்திப் பார்ப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதை போர்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அவர் சொன்னதில் ஒன்று எனக்குள் ஒட்டிக்கொண்டது. 'பர்ன் அவுட்' என்றார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் அதைச் சேர்த்ததாம், நோயாக இல்லை, வேலையால் வருகிற ஒரு நிலையாக. அதற்கு மூன்று குணம்: தெம்பு வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வதில் ஒரு பலனும் இல்லை என்று தோன்றுவது. இரண்டாவதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எப்போது ஆட்களின் பெயரைச் சொல்வதை விட்டோம்? "ஏழு எப்படி இருக்கு?" "பன்னெண்டு போயிருச்சு." "நாலுக்கு மோஷன் போயிருக்கு, போய்ப் பாரு." நம்பரில் சொன்னால் வேலை சீக்கிரம் ஆகிறது என்று நினைத்திருந்தேன். நம்பருக்கு மூஞ்சி கிடையாது, அதனால்தான்.

'எரிந்துபோதல்' என்று மகள் அதை மொழிபெயர்த்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் அடுப்பில் இதற்கு வேறு வார்த்தை இருக்கிறது: அடிப்பிடிப்பது. மேலே பார்த்தால் சோறு வெள்ளையாக, பொலபொலவென்று இருக்கும். அடியில் கருகியிருக்கும். வாடைதான் காட்டிக்கொடுக்கும். என் அம்மா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கும் கூட்டிப் பெருக்கவும் இருந்தவர். (ஆத்தங்குடிக் கல்லை எவ்வளவு துடைக்கிறாயோ அவ்வளவு பளபளக்கும் என்பார். ஆஸ்பத்திரித் தரை அப்படி இல்லை, எவ்வளவு துடைத்தாலும் அடுத்த செருப்புக்காகக் காத்திருக்கும்.) அவர் சொல்லிக் கொடுத்தது: சோறு அடிப்பிடித்தால் கரண்டியை விட்டுக் கிண்டாதே. கிண்டினால் தீய்ந்த வாடை முழுச் சோற்றுக்கும் ஏறிவிடும். மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்று, அடிச்சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவிடு.

அந்தப் பயிற்சியில் நடந்தது அப்படிக் கரண்டியை விட்டுக் கிண்டுகிற வேலைதான். நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று உன் மனக்கஷ்டத்தைச் சொல் என்றால், அதுவும் மேனேஜர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, யார் சொல்வார்கள்?

சரி, வேறு பாத்திரம் எது? எனக்குக் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று குளியல். கொரோனா காலத்தில் பயத்துக்காக ஆரம்பித்தது, விடவில்லை. முன்வாசலில் ஏறமாட்டேன். கொல்லைப்புறம் வந்து, உடுத்தின சேலையை வாளியில் முக்கிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் செய்கிற மாதிரிதான். மாமியார் உயிரோடு இருந்தவரை வெந்நீர் போட்டு வைத்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எத்தனை சொம்பு ஊற்றுகிறேன் என்பதை வைத்தே அன்று யாராவது போனார்களா என்று தெரிந்துகொள்வார். அன்றைக்கு ரசம் கொஞ்சம் காரமாக இருக்கும்.

இன்னொன்று ஒரு தம்பி. மூன்று வருடத்துக்கு முன் மஞ்சள் பையை முடிச்சுப் போடும்போது என் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது. யாரோ வெள்ளை டப்பாவில் போட வேண்டியதை மஞ்சள் பையில் போட்டிருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை, தேடவும் யாரும் மெனக்கெடவில்லை. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினேன். எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாததால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரையை 28 நாள் சாப்பிடச் சொன்னார்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் அன்றே தொடங்கியாயிற்று. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருந்தேன், அது ஒரு புண்ணியம். மாத்திரை வயிற்றைப் புரட்டியதைவிட, திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாதங்கள்தான் கொடுமை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தனியாகப் பாய் போட்டுப் படுத்தேன், முதுகு வலி என்றேன். பிள்ளை என் தட்டில் கை வைத்தால் பதறினேன், அப்படியெல்லாம் பரவாது என்று தெரிந்தும். லேபில் இருக்கிற அந்தத் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் பேப்பர் கைக்கு வருவதற்கு முன்னாலேயே படிக்கட்டு வழியாக ஓடி வந்து, மூச்சு வாங்க, "அக்கா, நெகட்டிவ்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கமாட்டான்.

14416 என்று ஓர் எண் இருக்கிறது. டெலி மானஸ், மனக்கஷ்டத்தைப் பேசுவதற்கான அரசாங்க உதவி எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, எந்நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். நானும் ஒரு தடவை கூப்பிட்டேன், ஊசி ஏறிய அந்த மாதங்களில், ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு. ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் போனே கதியாகக் கிடக்கிறான் என்று புலம்பினேன். எதிர்முனையில் இருந்தவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வைத்த பிறகு கொஞ்சம் இலகுவாக இருந்தது. எதைச் சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை போல.

மாடிப்படிக்குக் கீழே என்று சொன்னேனே, எங்களுக்கு உடை மாற்ற, டிபன் பாக்ஸைத் திறக்க, அழ எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். நான் சூப்பர்வைசர் ஆனதும் கேட்டது ஒன்றே ஒன்று: கதவு வைத்த ஒரு ரூம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. எழுதியே கொடுத்தேன். யோகா வகுப்பு கொடுத்தார்கள்.

ரூம் கிடைக்காததால் நானே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். யாராவது போய்விட்டால், உடம்பைத் துடைத்தவர் கட்டிலைத் துடைக்கக் கூடாது. அதை வேறு ஒருத்தர் செய்வார். துடைத்தவர் பத்து நிமிஷம் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள். இதற்கு எந்தச் சர்குலரும் கிடையாது. மேலே தெரிந்தால் ஆள் கணக்கு கேட்பார்கள், அதனால் அவர்களுக்குத் தெரியாது. இதை அவர்கள் படித்தால் படிக்கட்டும்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா வந்தால் பாதிப் பேருக்கு லீவு வேண்டும், டியூட்டி சார்ட் போடுகிற எனக்குத் தலைவலி. ஆனால் பால்குடம் எடுத்துப் போய் வந்த பெண்களின் முகத்தை மறுநாள் பார்க்கிறேன். கூட்டத்தில் வாய்விட்டு அழுதிருக்கிறார்கள், ஒருத்தரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். அந்த வாரம் சண்டை குறைச்சலாக இருக்கும்.

எனக்குப் பால்குடம் இல்லை. எனக்கு ஒப்பாரி.

என் அப்பத்தா எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒப்பாரிக்குப் பேர் போனவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முந்தானையை இறுக்கிக்கொண்டு போய்விடுவார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டு, ஆடி ஆடி அழுவார்கள். செத்தவரைக் கூப்பிட்டு, உறவு சொல்லி, ராகம் போட்டு. சின்ன வயசில் எனக்கு ஒரு சந்தேகம். செத்தது யாரோ தூரத்துச் சித்தப்பா, இவர் ஏன் இவ்வளவு அழுகிறார்? கேட்டேன். "அவனுக்கு நாலு வரிதான்டி. மிச்சமெல்லாம் எனக்கு" என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் சின்னதிலேயே தவறியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒப்பாரி கூடாது. ஐ.சி.யூ. வாசலில் யாராவது நெஞ்சில் அடித்துக்கொண்டு குரல் எடுத்தால், "சத்தம் போடாதீங்கம்மா, மத்த பேஷண்ட் இருக்காங்க" என்று போய்ச் சொல்கிற ஆள் நான்தான். பக்கத்து ரூமில் ஆபரேஷன் முடிந்தவர் தூங்குகிறார், தப்பில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒப்பாரிக்காரியின் பேத்தி நான். ஒரு தாய் அழுவதை விரல் வைத்து நிறுத்திவிட்டு நடக்கும்போது அப்பத்தா முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

ஆச்சி போய் இரண்டு வாரம் கழித்து புதுவயலைத் தாண்டி ஒரு கிராமத்தில் கேதம். வீட்டுக்காரர் வழியில் ஒரு பெரியம்மா. நான் அவரை வாழ்நாளில் மூன்று தடவை பார்த்திருப்பேன். முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். வட்டத்தில் இடம் விட்டார்கள், உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கிழவி என் தோளில் கை போட்டதும் என்ன ஆனதோ தெரியவில்லை. "என்னப் பெத்த ஆத்தா" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே பெரியம்மா போய் ஆச்சி வந்துவிட்டார். சாப்பிட்டியா என்று கேட்டவளே, வளையல் கழலாமல் போனவளே என்று வாய்க்கு வந்தபடி அழுதேன். அப்புறம் பன்னிரண்டாம் நம்பர், போன வருடம் போன ஒரு கல்லூரிப் பையன், கடைசியில் என் மாமியார். பெரியம்மாவின் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மா மேல இவ்வளவு பாசமா அண்ணி" என்று தேம்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வரி அவருக்கும் அழுதிருந்தேனே.

அன்றிலிருந்து சாவு வீடு என்றால் தட்டுவதில்லை. வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுகிறார், "கல்யாணப் பத்திரிகை வந்தா லீவு இல்லைங்கிற, கேதம்னா கிளம்பிடுற." பண்ணட்டும்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பொண்ணுக்கு நேற்று ராத்திரி முதல் சாவு. பத்தொன்பது வயசு. நாடிக்கட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வாங்கிக்கொண்டு, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றேன். போனாள். நான்கு நிமிஷத்தில் திரும்பி வந்து, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். "டீ?" என்றேன். "தனியாக் குடிக்கப் பிடிக்கலக்கா" என்றாள்.

இதைக் கொஞ்சம் கொஞ்சமாக போனில் அடித்து முடிக்கும்போது விடிகாலை ஐந்து மணி. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கேதம் என்று ராத்திரி சேதி வந்தது. தூரத்துச் சொந்தம்தான். பதினோரு மணிக்கு எடுக்கிறார்களாம். ஏழு மணிக்கு டியூட்டி முடிகிறது. அந்தப் பொண்ணு, "நானும் வரட்டுமாக்கா?" என்று கேட்டாள், அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. வா என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.